செயலாளரின் குரல் உடைந்த இடம்

பிப்ரவரி 5, புதன்

மூன்றாவது எபிசோட் முடிந்தது. ஒன்பதரைக்குக் கூண்டுக்குள் போனவள் ஒன்றே முக்காலுக்குத்தான் வெளியே வந்தேன். கூண்டு என்றால் ஒலிப்பதிவு அறை. ஆறடிக்கு ஆறடி, சுவரெல்லாம் பஞ்சு. சத்தம் விழும் என்று பதிவின்போது ஏசியையும் நிறுத்திவிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு அதற்குள்தான். எந்த தேசத்து நடிகையோ வாயசைப்பாள், அந்த அசைவுக்குள் நான் தமிழை நுழைப்பேன்.

இந்தத் தடவை நான் உள்துறைச் செயலாளர். ஜனாதிபதி போன ஹெலிகாப்டர் விழுகிறது. விழவைத்த ரகசிய உத்தரவில் ஏழு கையெழுத்து. ஆறு பேர் யாரென்று முதலிலேயே தெரிந்துவிடும், ஏழாவது ஆள் யார் என்பதுதான் பத்து வாரக் கதை. தொடருக்குப் பெயரே 'ஏழாவது கையெழுத்து'. செயலாளர் அம்மாளுக்கு நரைத்த கிராப்பு. உதட்டைத் திறக்காமலே பேசுவாள். அவளுக்குக் குரல் கொடுப்பது பூட்டிய வீட்டுக்குள் சாவித்துவாரம் வழியாகச் சாமான் ஏற்றுவதுபோல.

இன்று ஒரு இடத்தில் குரல் உடைந்துவிட்டது. "நாட்டுக்காகத்தான் செஞ்சேன்" என்று ஒரு வரி. மூலத்தில் அவள் அதை மருந்துச் சீட்டு வாசிப்பதுபோலச் சொல்கிறாள். எனக்கு 'நாட்டுக்காக' என்ற இடத்தில் தொண்டை கைவிட்டது. பாதி குரல், பாதி காற்று. இன்னொரு டேக் போகலாம் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது கட்டைவிரலை உயர்த்திவிட்டார். உதடு அச்சாகப் பொருந்திவிட்டதாம், அடுத்த குழு வாசலில் நிற்கிறதாம். காது எங்கள் ஒலிப்பதிவாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பக்கத்து அறையில் ஊசி விழுந்தாலும் பதிவை நிறுத்தச் சொல்வதால் இந்தப் பெயர்.

வீட்டுக்கு வந்தால் இவர் புது நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார், ஐம்பத்திரண்டு வயது. வெள்ளிக்கிழமை தொடர் ஆரம்பிக்கிறதே, குறிப்பெடுக்க வேண்டாமா? "யாரு அந்த ஏழாவது ஆள்?" என்றார். பத்து எபிசோடும் பார்த்தாகிவிட்டது, ஆனால் வெளியே சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்றேன். அட்டையின் மடிப்பை நகத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஏழு மணிக்கு முதல் எபிசோட். ஐம்பது நிமிடப் படத்தை இரண்டு மணி நேரம் பார்த்தோம். சுவர்க் கடிகாரம், மேஜைப் பேனா, கார் நம்பர் என்று எதைக் கண்டாலும் இவர் ரிமோட்டை அமுக்கிக் குறித்துக்கொண்டார். செயலாளர் வந்தபோது நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதை நாட்குறிப்பிலாவது ஒத்துக்கொள்ளலாம். "இந்தப் பொம்பளை சரியில்ல" என்றார். குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாகச் சொன்னதில்லை, இன்றைக்கு என்ன புதிதாக?

பிப்ரவரி 14, வெள்ளி

தொண்டை கட்டியே இருக்கிறது. வெந்நீர், வெந்நீர், வெந்நீர்.

பிப்ரவரி 20, வியாழன்

தொண்டை டாக்டரிடம் தனியாகப் போய் வந்தேன். மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டார். திரையில் என் குரலை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். இரண்டு வெள்ளை நாடாக்கள், அவ்வளவுதான். ஒன்றில் அரிசி மணி அளவுக்கு ஒரு புடைப்பு. இதை வைத்துக்கொண்டா நான் இத்தனை ராணிகளுக்கும் நர்சுகளுக்கும் பேசினேன்?

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. மூன்று மாதம் பேச்சே கூடாது, கிசுகிசுப்பதும் பேச்சுதான் என்றார். இல்லையென்றால் புடைப்பு வளரும், ரத்தம் கசியும், பிறகு கத்திதான். "கத்தி பட்டதுக்கப்புறம் வர்ற குரல் இதேதான்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார்.

இன்னும் ஐந்து எபிசோட் பேச வேண்டும். விட்டுவிட்டு வந்தால் நடுவிலே வேறு ஒருத்தியைப் போட்டுவிடுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் பேசியதெல்லாம் 'சார், உங்களுக்குப் போன்', 'அவர் இப்ப வீட்ல இல்லைங்க', சாகும் மனைவிகள். முதல் முறையாகப் பத்து எபிசோடும் உயிரோடு இருக்கிற ஒருத்தி கிடைத்திருக்கிறாள். ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

இவரிடம் சொல்லலாம் என்றுதான் அறைக்குள் போனேன். கணினி முன்னால் இருந்தார். தொடரைப் பற்றிப் பேசிக்கொள்ளும் இணையதளம் ஒன்று இருக்கிறதாம்; அதில் இவருக்குப் பெயர் 'மூன்றாவது கண்'. கையை மட்டும் உயர்த்தி, ஒரு நிமிடம் என்று காட்டினார். நானும் நின்றேன். அந்த ஒரு நிமிடம் முடியவில்லை, நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 22, சனி

நேற்று மூன்றாவது எபிசோட். இன்று காலையிலிருந்து என் கால் தரையில் இல்லை.

அந்த இணையதளத்தில் ஒரே பேச்சு அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஒருவர்: "'நாட்டுக்காக'ன்னு சொல்லும்போது குரல் உடையுது, கவனிச்சீங்களா? அவங்க குற்றவாளி இல்லை. யாரோ மிரட்டி இப்படிச் சொல்ல வைக்கிறாங்க." இன்னொருவர் மூல மொழியில் பார்த்தவராம்: "அங்கே இந்த உடைவு இல்லை. தமிழ்க் குழுவுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு." அதன்கீழே ஒரு பெண்: "குரல் குடுத்தவங்க யாரு? பேரைப் போடுங்கப்பா, கோயில் கட்டிக் கும்பிடலாம்." அதைப் பதினோரு தடவை படித்தேன். எண்ணிக்கொண்டேதான் படித்தேன்.

இதையெல்லாம் வாசித்துக் காட்டியது இவர்தான். பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோல. "அந்தச் செயலாளர் குரல்ல ஒரு வேதனை இருக்கு பாரு, உள்ளுக்குள்ள எதையோ மறைக்கிறா" என்று எனக்கே விளக்கினார். நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். அந்தச் சிரிப்புகூட நடுவில் உடைந்துதான் வந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

சேனலிலிருந்து ஃபோன். அந்த உடைவு மக்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். நான்காவதும் ஐந்தாவதும் சுத்தமாகப் பேசி முடித்தவை. அவற்றில் முக்கியமான வரிகளை மட்டும் உடைத்துத் திரும்பப் பேச முடியுமா என்றார்கள். நன்றாகச் செய்த வேலையைக் கெடுத்துக் கொடுக்கச் சொல்லி இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார்கள்.

கொடுமை என்னவென்றால், இன்று தொண்டை நன்றாக இருந்தது. இரண்டு நாள் ஆவி பிடித்ததில் குரல் கண்ணாடிபோல வந்தது. உடையச் சொன்னால் உடையவில்லை. நடித்தால் நடிப்பென்று தெரிந்தது. காது உதட்டைப் பிதுக்கினார். ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஆள் வராத திருப்பம் ஒன்று உண்டு. அங்கே நின்று தொண்டை கிழியக் கத்தினேன். எதைக் கத்துவது என்று தெரியவில்லை. இவர் பெயரைக் கத்தினேன். காவலாளி ஓடிவந்து யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

திரும்பிப் போய்ப் பேசினேன். அழகாக உடைந்தது. காது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

நான் செய்வது என்னவென்று எனக்குத் தெரியாமலில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 1, சனி

நேயர்கள் என்று ஒரு ஜாதி இருக்கிறதே, அவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா? ஒருவர் செயலாளர் மேஜையில் இருக்கும் பேனாக்களை எண்ணுகிறார். ஒருவர் கடிகாரம் எல்லாக் காட்சியிலும் நான்கு பத்தையே காட்டுவதால் இது ஒரே நாளில் நடக்கும் கதை என்கிறார். இது கதையே இல்லை, நிஜமாக நடந்தது, எடுத்தவர்களின் உயிருக்கு ஆபத்து என்று ஒருவர் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். கடைசியில் 'இதற்கு மேல் சொன்னால் என் உயிருக்கும்' என்று நிறுத்தியிருக்கிறார்.

இவர்கள் நடுவில் மூன்றாவது கண் ஒரு சிற்றரசர் ஆகிவிட்டார். 'செயலாளர் நிரபராதி' என்பது இவருடைய கட்சி. ஆயிரத்து எழுநூறு பேர் பின்னால் வருகிறார்கள். ஆதாரம் முழுக்க என் தொண்டை.

செயலாளர் நிரபராதி இல்லை. உத்தரவை எழுதியதே அவள்தான், ஏழாவது கையெழுத்தும் அவளுடையதுதான். பத்தாவது எபிசோடில் அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

மார்ச் 7, வெள்ளி

ஐந்தாவது எபிசோட். செயலாளரின் நீண்ட வசனம் போய்க்கொண்டிருக்கும்போது எனக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. இவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"கொஞ்சம் இருமாம இரேன். அவ குரல் கேக்கல."

எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் இருமிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டபின் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்படி உட்கார்ந்து வருடக்கணக்காகிறது. ஒரு வினாடி—வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்—தொண்டையைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"வாயால சொல்ல வேண்டாம். தலைய மட்டும் ஆட்டு. செயலாளர் நிரபராதியா இல்லையா?"

ஆட்டவில்லை. "என்கிட்டக்கூடவா?" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன், தெரிந்தால் வேலை போய்விடும் என்றேன். ஆயிரக்கணக்கான பேர் தன்னை நம்பியிருக்கிறார்கள் என்றார். சரி, பேச்சு இவ்வளவு தூரம் வந்துவிட்டது, இப்போதே சொல்லிவிடலாம் என்று "எனக்குத் தொண்டை சரியில்லைங்க, டாக்டர்கிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"பேச்ச மாத்தாத" என்று எழுந்து போய்விட்டார்.

நாற்காலியைத் திரும்ப இழுத்து அதன் இடத்தில் போட்டது நான்தான். இனி நானாகச் சொல்லப்போவதில்லை. அவராகக் கேட்கட்டும். கேட்பாரா இல்லையா என்று பார்த்துவிடுகிறேன். இது பந்தயமா, வீம்பா? வீம்புதான். இருக்கட்டும்.

மார்ச் 13, வியாழன்

மாடிப்படியில் கத்தி முடித்து வாயைத் துடைத்தேன். கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கோடு.

மார்ச் 16, ஞாயிறு

இவர் வரைபடம் போட்டிருக்கிறார். சதுரக் கட்டம் போட்ட தாளில், பள்ளிக்கூடத்துப் பென்சிலால். கணினியில் ஏதோ நிரலை வைத்து என் குரல் உடையும் இடங்களையெல்லாம் வெட்டி எடுத்து அளந்திருக்கிறார். மூன்றாவது எபிசோடில் ஒரு உடைவு, 0.4 வினாடி. ஐந்தில் நான்கு உடைவு, 0.6. ஆறில் ஒன்பது, ஒவ்வொன்றும் முக்கால் வினாடிக்கு மேல். கோடு படிப்படியாக ஏறிக்கொண்டே போகிறது. அடியில் கொட்டை எழுத்தில் தலைப்பு: 'குற்றவுணர்ச்சியின் வளர்ச்சி'.

என்னிடம் காட்டினார். "பாத்தியா? வாரத்துக்கு வாரம் ஜாஸ்தியாகுது. இது தற்செயலா இருக்கவே முடியாது."

முடியாதுதான். நான் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தேன். டாக்டரம்மா திரையில் காட்டியதை இவர் பென்சிலில் காட்டுகிறார். ஒரு அரிசி மணி அளவுகூடத் தப்பவில்லை. இந்த மனுஷனுக்கு எல்லாம் கேக்குது. எல்லாமே கேக்குது. நான் பேசறது மட்டும்தான் கேக்கல.

"நல்லா இருக்கு" என்றேன். அதுவும் உடைந்துதான் வந்தது. தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 26, புதன்

பத்தாவது எபிசோட் பேசி முடித்தேன். கடைசிக் காட்சியில் செயலாளர் கண்ணாடி முன்னால் நின்று சிரிக்கிறாள். "வரைவு எழுதினதே நான்தான். முதல்ல போட வேண்டிய கையெழுத்த ஏழாவதா, கடைசியில போட்டேன்" என்கிறாள். அங்கே வருத்தமே கிடையாது. வருத்தம் இல்லாததுதான் அந்தக் காட்சி. அதை உடையாமல் பேச வேண்டும் என்று காதிடம் சொன்னேன். சேனலிடமும் சொல்லிப் பார்த்தேன். ஒத்துக்கொண்டார்கள், உங்கள் இஷ்டம் என்றார்கள்.

என்னால் முடியவில்லை. பத்தொன்பது டேக். ஒரு வரியைக்கூட முழுசாகப் பேச வரவில்லை. இனி உடைக்க மாடிப்படிக்குப் போக வேண்டியதில்லை, எல்லாமே உடைந்துதான் வருகிறது. சிரிப்பு விம்மல்போல வந்தது. கடைசியில் காது, போதும் மேடம் என்றார். ஹெட்ஃபோனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 12, சனி

நேற்று கடைசி எபிசோட்.

செயலாளர் கண்ணாடி முன்னால் சொல்லி முடித்ததும் இவர் நோட்டை மூடினார். ரிமோட்டை எடுக்கவே இல்லை.

காலையில் இணையதளத்தைப் பார்த்தேன். "மூன்றாவது கண்ணுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா." "கணக்கு வாத்தியாராம், இவர்கிட்ட படிச்ச பசங்க பாவம்." பின்னால் வந்த ஆயிரத்து எழுநூறு பேரும் ஒரே இரவில் கல்லெறியும் கூட்டமாகிவிட்டார்கள். எனக்கும் பங்கு கிடைத்தது. "குரல் குடுத்தவதான் நம்மள ஏமாத்தினது. மூலத்துல இல்லாத அழுகைய எதுக்கு அழுதா?" கோயில் கட்டுகிறேன் என்ற அதே பெண்: "கொஞ்சம் நடிக்கத் தெரிஞ்சா போதும், ஆடிருவாங்க."

பத்து மணிக்கு இவர் கூடத்தில் வந்து நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதே வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னைக் கோமாளி ஆக்கிட்டே."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன், அதுவும் வரவில்லை. நிஜமாகவே குரல் போய்விட்டது என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது. பயத்தில் அவர் கையைப் பிடித்தேன்.

கையை உதறினார். "பேசாம இருந்தே ஆளக் கொல்லுவே நீ" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மூன்று நாளாக நான் ஒரு சொல் பேசவில்லை. கோபித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து இவரும் பேசவில்லை. தட்டு வைக்கும் சத்தத்தில் குடும்பம் நடக்கிறது.

இரண்டு சின்னத் திருத்தம் பாக்கி என்று ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். நேரில் போய் முடியாது என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். காது அதைப் படித்துவிட்டு நிமிரவே இல்லை. பிறகு, "எனக்கு மூணாவது எபிசோட்லயே தெரியும் மேடம். அது நடிப்பு இல்லன்னு. கேக்க நல்லா இருந்துச்சு, அதான் சொல்லல" என்றார்.

என் உடைவுகளையெல்லாம் வெட்டித் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறாராம், வேறு எதற்காவது உதவும் என்று. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். ஒருவருக்குக் கேட்கவில்லை, ஒருவருக்குக் கேட்டும் சொல்லவில்லை. இதில் யார் மேல் அதிகம் கோபப்படுவது? வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பட்டியலில் முதலில் நிற்பது நான்தான் என்பதும் தெரிகிறது.

ஏப்ரல் 17, வியாழன்

டாக்டரம்மா அடுத்த வியாழன் அறுவை என்றார். துணைக்குக் கணவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதனால் சொல்ல வேண்டியதாயிற்று. பந்தயத்தில் தோற்றேன்; அவர் கேட்கவே இல்லை.

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார். இரண்டு தடவை படித்தார். முகம் வெளுத்துப்போனது, அதை நான் பார்த்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். "எப்பலேர்ந்து?" என்று கேட்டார். 'மூன்றாவது எபிசோட்' என்று எழுதினேன்.

அந்த எழுத்தை மறுபடி படித்தார். மெல்ல அவர் முகத்தில் ஏதோ ஒன்று தெளிந்தது.

"அப்ப அந்த உடைவு நிஜம்தான்" என்றார்.

ஏப்ரல் 25, வெள்ளி

நேற்று முடிந்தது. ஊரிலிருந்து அக்கா வந்திருக்கிறாள். நான்கு வாரம் மூச்சுவிடுவதைத் தவிர வேறு எதற்கும் தொண்டையைப் பயன்படுத்தக்கூடாது. எழுதிக் காட்டுவதற்கு, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பலகை ஒன்று வாங்கித் தந்திருக்கிறாள்.

இவர் எல்லாம் ஒழுங்காகச் செய்தார். ஃப்ளாஸ்க், போர்வை, மருந்துக்கு ஓட்டம். கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபமாகிவிடும், ஆனால் அப்படி இல்லை.

அறுவைக்கு முன்னால் டாக்டரம்மா, கரகரப்பு எப்போது எவ்வளவு கூடியது என்று கேட்டார். நான் பலகையைத் தேடுவதற்குள் இவர் பையிலிருந்து அந்த வரைபடத்தை எடுத்து நீட்டிவிட்டார். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டின் மேல் விரலை ஓட்டினார். இவ்வளவு துல்லியமாக எந்த வீட்டிலும் குறித்து வைத்ததில்லை என்றார். இவர் முகம் மலர்ந்தது.

"இத வச்சுக்கிட்டே ஏன் சார் இவங்களக் கூட்டிட்டு வரல?" என்றும் கேட்டார்.

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அதற்குள் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அந்த ஜன்னல் பக்கம் திரும்பியதைப் பார்த்து, போகட்டும், இப்போதாவது உறைத்ததே என்று நினைத்திருந்தேன். இரண்டு நாள் அப்படியே நினைத்திருந்தேன்.

இன்று காலை அக்காதான் ஃபோனைக் கொண்டுவந்து காட்டினாள். இணையதளத்தில் மூன்றாவது கண் எழுதியிருக்கிறார். தலைப்பு: 'அந்த உடைவு பொய்யல்ல'. தான்தான் செயலாளரின் குரலுக்குக் கணவர் என்று சொல்லி, என் நோயைச் சொல்லி, எந்தக் கிழமை அறுவை நடந்தது என்பதையும் சொல்லி, கூடவே அந்த வரைபடம். கடைசி வரி: 'என் முடிவு தவறாக இருக்கலாம். என் காது தவறவில்லை.'

நாலாயிரம் பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். "கண் சார், எங்கள மன்னிச்சிருங்க." "அம்மா நல்லபடியா தேறி வரணும்." "இதெல்லாம் ரெண்டாம் சீசனுக்கு விளம்பரம்." "உண்மை தெரிஞ்சவங்களோட தொண்டைய அறுத்துட்டாங்க, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" ஒருவர் மட்டும்: "சார், இத அளந்து பாத்தீங்களே, அவங்ககிட்ட ஒரு தடவ கேட்டீங்களா?" அதற்கு இவர் பதில் எழுதவில்லை.

மத்தியானம் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். குரலில் அவ்வளவு கனிவு. எல்லோரும் உனக்காகப் பிரார்த்தனை செய்கிறார்கள் என்றார். "போட்டது சரிதானே?" என்றார்.

பலகையைத் திருப்பி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் படுத்துக்கொண்டேன். "அவளுக்குத் தூக்கம் வருது" என்று அக்காவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மே 3, சனி

அக்கா போனபிறகு வீட்டில் ஈ பறந்தாலும் கேட்கிறது.

மே 22, வியாழன்

டாக்டரம்மா உள்ளே பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறது. இன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பேசலாம், கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு வினாடி கூடாது.

அங்கேயே பேசச் சொன்னார். என் பெயரைச் சொன்னேன். யாரோ வேறு பெண்பிள்ளை சொன்னதுபோல இருந்தது. கனமாக, தாழ்வாக. அழுகை வந்தது, அழுவதும் தொண்டைக்கு ஆகாது என்று அடக்கிக்கொண்டேன். இனி கூண்டுக்குள் நின்று மணிக்கணக்கில் பேச முடியாது என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

இவருக்குப் பள்ளிக்கூடத்தில் தேர்வு வேலை, கூட வரவில்லை. பஸ்ஸில் வரும்போது வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். பூட்டைத் திறந்து உள்ளே போனால் சோபா, ரிமோட், சதுரக் கட்டம் போட்ட தாள்கள். அவர் வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். பலகையில் 'ஆறி வருகிறது' என்று எழுதினேன்.

மே 30, வெள்ளி

ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு பெரியது என்று எனக்கு இதற்குமுன் தெரியாது. அக்காவுக்கு ஃபோனில் இரண்டு. பால்காரரிடம் பாக்கெட் கசிகிறது என்று கால் நிமிடம். எதிர்வீட்டுக் குழந்தை என் புதுக் குரலைக் கேட்டுவிட்டு, மாமா மாதிரி பேசறீங்க என்றது. அதனுடன் ஒன்றரை நிமிடம் வழக்காடினேன். மிச்சத்தைக் குளியலறையில் சத்தமாக எண் சொல்லித் தீர்க்கிறேன்.

காது வேறு வேலை பிடித்துக் கொடுத்திருக்கிறார். உதட்டசைவுக்கு ஏற்றபடி வசனம் எழுதுவது. இனி வேறு ஒருத்தி வாயில் நான் எழுதியது வரும்.

ஜூன் 13, வெள்ளி

இரண்டாம் சீசனின் முன்னோட்டம் வந்தது. செயலாளர் சிறையிலிருந்து வெளியே வருகிறாள். நான்கு வரிதான் பேசுகிறாள், வேறு குரல். நல்ல குரல்தான், இளசு. 'நாடு' என்ற இடத்தில் மட்டும் உடைகிறது. அந்த முக்கால் வினாடி என்னுடையது; காது தன் சேமிப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். எனக்குத் தெரியாதா என்ன?

இவர் அதை இரண்டாவது தடவை ஓட்டவில்லை. ரிமோட்டைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"குரல மாத்திட்டாங்க. உன்னோடது மாதிரி வரல."

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை. பதிலுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்றைய கணக்கில் எனக்கு இன்னும் மூன்று நிமிடம் மீதி இருந்தது. பலகையை எடுத்து, 'டீ வைக்கட்டுமா?' என்று எழுதிக் காட்டினேன்.